தாய்வான் குழுவுக்குக் கோப்பாய்த் தலைவர்

1986 ஜனவரி 22, புதன். லுசேர்ண்

ஓட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு தோலுரிக்கும் மெஷின் பழுது. ஆகவே இன்று முழுக்க நானே மெஷின். விரல்கள் வீங்கிப் பேனா பிடிக்க மறுக்கின்றன. யாழ்ப்பாணத்தில், கோப்பாய் வீட்டிலிருந்து போய்ப் பதினெட்டு வருடம் கோண்டாவில் டிப்போ பஸ்ஸில் டிக்கெற் கிழித்த கை இது. பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதனையை நான் இரண்டாம் முறையும் கோட்டை விட்டபோது, நீ கிழங்கு உரிக்கத்தான் லாயக்கு என்றார் என்னைப் பெற்ற ஐயா. அந்த மனுசன் இவ்வளவு தூரத்துக்குப் பார்த்திருப்பார் என்று அப்போது தெரியவில்லை.

சட்டி பானை கழுவப் புதுப் பெடியன் ஒருவன் வந்திருக்கிறான். தாய்வான்காரன். பெயர் யே சுங்-மிங், சுங் என்று கூப்பிடலாமாம். இருபத்து நாலு வயது. தோள் மட்டும் இரண்டு பேருடையது போல. ஷெஃப் பூல்மன் எங்களை ஒன்றாக நிறுத்தி, "நீங்கள் இரண்டு பேரும் உங்கள் பாஷையில் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆசியா ஒரு கிராமம் என்று நினைத்திருக்கிறார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். இப்போதைக்கு அதுதான் எங்கள் பாஷை.

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று சுங்குக்குப் புது வருடமாம். தோடம்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். புனிதம் (என் மனைவி புனிதவதி, கோபம் வந்தால்தான் முழுப்பெயர்) கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் கொடுத்தாள். கண்ணில் நீர் வழிய வழிய இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான். என்னை "அண்ணை", அவளை "அக்கா" என்று கூப்பிடப் பழகிவிட்டான். என் மகள் சுகந்தினி பதினாலு வயதுக்குரிய முகச்சுளிப்புடன், "இவர் உங்களைவிடத் தெளிவா டொச் கதைக்கிறார் அப்பா" என்றாள். சுவிஸுக்கு வந்து இரண்டு வருடமாகியும் என் டொச்சில், அதாவது ஜெர்மனில், வினைச்சொல் இன்னும் வந்து சேரவில்லை, உண்மைதான்.

பின்னேரம் எங்களை ரொய்ஸ் ஆற்றுக்குக் கூட்டிப் போனான். கரையெல்லாம் பனி. இப்போதுதான் தெரிகிறது, அவன் இங்கே வந்தது சட்டி கழுவ இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே கம்பி கட்டி, கம்பியிலிருந்து இரண்டு இரண்டாகத் தடிகள் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சோடியும் ஒரு வாசல். மெல்லிய ஓடம் ஒன்றில் இடுப்புவரை புகுந்து உட்கார்ந்து, பாய்கிற தண்ணீரில் அந்த வாசல்களுக்குள்ளால் போக வேண்டும். பச்சை வாசல் தண்ணீரோடு. சிவப்பு வாசலுக்குத் திரும்பி, தண்ணீரை எதிர்த்து ஏற வேண்டும். தடியில் பட்டால் ஐந்து வினாடி தண்டம். வாசலை விட்டுவிட்டால் ஐம்பது. இதற்குப் பெயர் ஸ்லாலம்.

சுங் ஒருதரம் கவிழ்ந்து, தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்று, திரும்பி எழும்பினான். புருவத்தில் பனிக்கட்டி.

"இதுக்கு ஆரும் சம்பளம் குடுக்கினமோ?" என்றாள் புனிதம்.

இல்லை என்றேன்.

"அப்ப ஏனப்பா?"

அவனிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

மார்ச் 16, ஞாயிறு

ஏன் என்று இன்று தெரிந்தது.

சுங்கின் ஊரில் பெரிய ஆறு இருக்கிறது; ஸ்லாலம் பழக்க ஆள் இல்லை. அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். சம்பளமில்லாத லீவில், லுசேர்ண் ஓடக் கழகத்துக்குக் கடிதம் எழுதி வந்து சேர்ந்திருக்கிறான். படகுக் கொட்டிலின் மேல்தட்டில் படுக்கை. போன வருடம் ஜெர்மனியில் ஒரு சர்வதேசப் போட்டி: கடைசி இடம். ஒஸ்திரியாவில் இன்னொன்று: கடைசிக்கு முதல் இடம். "முன்னேற்றம்" என்று அவனே சிரித்தான்.

இப்போது தைப்பேயிலிருந்து அவர்களுடைய ஓடச் சங்கம் எழுதியிருக்கிறது. ஜூன் மாதம் பிறெம்கார்ட்டனில், இதே ரொய்ஸ் ஆற்றில், சர்வதேசப் போட்டி. அதில் முதல் பாதிக்குள் வந்தால், அடுத்த வருடம் பிரான்சில் நடக்கிற உலகப் போட்டிக்கு அவன் பெயரைக் கொடுப்பார்கள். வராவிட்டால் செப்டெம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவன் அங்கே நிற்க வேண்டும். பிறகு ஓடமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"வாத்தியார் வேலை நல்ல வேலைதானே" என்றேன். எங்கள் ஊரில் அதற்காக ஆட்கள் கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள்.

"நல்ல வேலை அண்ணை" என்றான். பிறகு நெடுநேரம் ஒரே பானையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நான் தாய்வான் குழுவின் தலைவர் ஆகிவிட்டேன். எழுதிவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். ஓம், அப்படித்தான்.

கழகத் தலைவர் கிழவர் அம்ஷ்டாட் விளங்கப்படுத்தினார். சர்வதேசப் போட்டி என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குழுத் தலைவர் வேண்டும். முதல்நாள் கூட்டத்துக்குப் போக, தண்டம் பிழை என்றால் முறைப்பாடு கொடுக்க, கொடி தூக்க. தைப்பேயிலிருந்து ஆள் அனுப்பச் சங்கத்துக்கு வசதியில்லை. அவர் சுவிஸ் குழுவுக்குத் தலைவர், ஆகவே அவரால் முடியாது. தலைவர் எந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டுமென்று விதியில் எழுதவில்லையாம்.

"எனக்கு நீந்தக்கூடத் தெரியாது" என்றேன்.

"தலைவர்கள் கரையில்தான் நிற்பார்கள்" என்றார் அம்ஷ்டாட்.

சுகந்தினி சிரித்துச் சிரித்து விழுந்தாள். "அப்பா, நீங்கள் இலங்கை எண்டே இன்னும் இவங்கள் எழுதித் தரேல்லை. அதுக்குள்ள தாய்வானோ?"

பகிடியில்லை, உண்மை. எங்கள் அகதி மனுவுக்கு முடிவு வரவில்லை. நாங்கள் சுவிஸ் எல்லையைத் தாண்ட முடியாது. நல்ல காலம், பிறெம்கார்ட்டன் இந்தப் பக்கம்.

மே 5, திங்கள்

ரஷ்யாவில் அணு உலை வெடித்த கதைதான் எங்கும். ஓட்டலில் சலாட் இலையைக் கூடை கூடையாகக் கொட்டச் சொன்னார் ஷெஃப். பாலைப் பார்த்தாலே எல்லோருக்கும் பயம். மழை பெய்கிறது, சுங் ஆற்றில் நிற்கிறான். தலைவர் என்ற முறையில் குடையோடு போய், ஏறி வா என்று கத்தினேன். கை காட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டான். என் அதிகாரம் இவ்வளவுதான்.

ஜூன் 2, திங்கள்

சுங் இன்று ஒரு தடியிலும் படாமல் முழுப் பாதையும் வந்தான். அம்ஷ்டாட் நேரம் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அது அவருடைய கைதட்டல்.

ஜூன் 13, வெள்ளி. பிறெம்கார்ட்டன்

பின்னேரம் ஊர்வலம். பாண்ட் வாத்தியம் முன்னால் போக, நாடு நாடாகக் குழுக்கள். ஜெர்மன்காரர் இருபது பேர், பிரெஞ்சுக்காரர் இருபது பேர். பிறகு "சைனீஸ் தைப்பே" என்ற பலகை, கொடியோடு நான், பின்னால் சுங். அது அவன் நாட்டுக் கொடியில்லையாம். நாட்டின் பெயரும் அதுவில்லையாம். விளையாட்டுக்கு வந்தால் இந்தப் பெயரும் இந்தக் கொடியும்தான் என்று பெரிய இடங்களில் முடிவாம். "பரவாயில்லை, நானும் தாய்வான்காரன் இல்லை" என்றேன். சுங் சிரித்த சிரிப்பில் பாண்ட்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். புகைப்படக்காரன் ஒருவன் என்னை மூன்று தரம் படம் எடுத்தான்.

பிறகு தலைவர்கள் கூட்டம். எல்லோருக்கும் புறப்படும் நேரம் எழுதிய தாள் தந்தார்கள். சுங்குக்கு ஒன்பது மணி எட்டு நிமிடம்.

நாளைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை இராகு காலம். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். புறப்படும்போது புனிதம் நூறுதரம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "இராகு காலத்தில மட்டும் அந்தப் பெடியனை இறக்கிப் போடாதையுங்கோ." நான் கடும் சமயக்காரன் இல்லை. ஆனால் பதினெட்டு வருடத்தில் இராகு காலத்தில் புதுப் பஸ் ஒன்றையும் டிப்போவுக்கு வெளியே எடுக்கவிட்டதில்லை.

விதிப்படி, இரண்டு தலைவர்கள் சம்மதித்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பெல்ஜியம் தலைவருடைய ஆள் ஒருவன் பத்து ஐம்பதுக்கு. அவன் நேரத்தோடு முடித்தால் நல்லது என்று அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கையைத் தூக்கினேன். பதினைந்து நாட்டுத் தலைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சர்வதேசக் கூட்டத்தில் பேசினேன். வினைச்சொல் இல்லாமல்தான். விளங்கியது. மாற்றினார்கள்.

சுங் ஏன் என்று கேட்டான். "அது நல்ல நேரம்" என்றேன். தலைவர் சொன்னால் சரி என்று தலையாட்டினான்.

மேற்கே எந்த்லபூஹ் மலைப்பக்கம் மின்னுகிறது. இடி கேட்கிறது.

ஜூன் 14, சனி

எங்கே தொடங்கி எழுதுவது. ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு ஆறு பச்சையாக, சாதுவாக ஓடியது. பெல்ஜியம்காரன் சுங்கின் நேரத்தில் இறங்கி, ஒரு தடியும் அசையாமல் கீழே வந்துவிட்டான். நான் மனதுக்குள் சிரித்தேன். பாவம், இராகு காலத்தில் இறங்குகிறான், இரண்டாம் ஓட்டத்தில் தெரியும் என்று.

பத்தரை மணிக்கு ஓல்டனிலிருந்து யோகராஜா ரயிலில் வந்து சேர்ந்தான். களஞ்சியத்தில் வேலை, ஆனால் பஞ்சாங்கம் பார்ப்பதில் எங்கள் ஆட்களுக்குள் அவன்தான். கலியாணத்துக்கும் புதுவீடு குடிபூரலுக்கும் அவனுக்குத்தான் போன் போகும். பெருமையாகச் சொன்னேன், நேரத்தை மாற்றியதை.

"எந்த ஊர் இராகு காலம் அண்ணை பாத்தனீங்கள்?" என்றான்.

"இதென்ன கேள்வி. சனி, ஒன்பது, பத்தரை."

"அது ஊரில ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற கணக்கு. இஞ்ச இப்ப அஞ்சரைக்கு உதிச்சு இரவு ஒன்பதரைக்குத்தான் படுக்குது. பகலை எட்டாப் பிரியுங்கோ. பங்குக்கு ரண்டு மணித்தியாலம். சனிக்கு மூண்டாம் பங்கு." விரலை மடித்தான். "ஒன்பதரையில இருந்து பதினொண்டரை."

புறப்படும் நேரத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அப்ப ஒன்பது எட்டு?" என்றேன்.

"அது திறமான நேரம் அண்ணை."

ஐயோ, நான் என்ன செய்துபோட்டன். நல்ல நேரத்தில நிண்ட பெடியனைப் பிடிச்சு இராகுவின்ர வாய்க்குள்ள தள்ளிப்போட்டன். அதுவும் கை தூக்கி, பதினைஞ்சு நாட்டுக்கு முன்னால.

இராகு பெரிதா சின்னதா எனக்குத் தெரியாது. தண்ணீர் பெரிது என்பது தெரிந்தது. இரவு மலையில் பெய்த மழை சின்ன எம்மே ஆற்றுக்குள்ளால் வந்து, பத்தேகால் போல ரொய்ஸைப் பிடித்துவிட்டது. பச்சை ஆறு மண்ணிறமாகி, மரக்கிளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. பத்து ஐம்பதுக்குச் சுங் இறங்கினான். பாதிவரை நன்றாக வந்தான். ஒரு சிவப்பு வாசலுக்குக் கீழே காலையில் தண்ணீர் சுழன்று நின்ற இடம் இருந்தது. அதில் நின்று திரும்ப வேண்டும். அந்த இடமே இப்போது இல்லை. துடுப்பைக் குத்தினான், ஆறு அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நடுவர் ஐம்பது என்ற தட்டை உயர்த்தினார்.

முதல் ஓட்டத்தில் ஐம்பத்தெட்டாம் இடம். இறங்கியவர்கள் அறுபத்தொரு பேர்.

அதற்குள் பெல்ஜியம் தலைவர் வந்து, நேரம் மாற்றித் தந்ததற்கு நன்றி என்று என் கையில் ஒரு பியரைத் தந்துவிட்டுப் போனார். அந்தப் பியரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சுங் கரையில் துவாயைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தான். பக்கத்தில் போய்க் குந்தினேன். எல்லாம் சொன்னேன். சூரியன், எட்டுப் பங்கு, கோண்டாவில் டிப்போ, புனிதம், எல்லாம். உன்னைக் கேட்காமல் செய்தேன் என்றும் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னேன்.

பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன்; சிரித்திருக்கிறான்.

"அண்ணை, எங்கட ஊரில ஏழாம் மாதம் பேய்களின்ர மாதம்" என்றான். "பேய் எல்லாம் வெளியில வரும், தண்ணியில நிண்டு ஆளைப் பிடிக்கும். அந்த மாதம் முழுக்க அம்மா என்னை ஆத்துப் பக்கம் விடமாட்டா. ஒவ்வொரு வருசமும் களவாப் போய்த்தான் பழகினனான்." என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "அம்மா ஒரு மாதம் எடுக்கிறா. நீங்கள் ஒரு காலமை மட்டும்தானே எடுத்தனீங்கள்."

இவ்வளவையும் அவன் தன் ஓட்டை டொச்சில் சொன்னான். எனக்குத் தமிழில்தான் கேட்டது.

பிறகு எழும்பி ஆற்றைப் பார்த்தான். களவாகப் போன காலங்களில் ஊர் ஆறு இந்த நிறம்தானாம், புயல் முடிந்த பிறகு. இங்கே வந்த நாளிலிருந்து இப்படித் தண்ணீர் கிடைக்கவில்லையாம். "பெல்ஜியம்காரனுக்குத்தான் இனிக் கஷ்டம்" என்றான்.

இரண்டு ஓட்டத்தில் நல்லது எதுவோ அதுதான் கணக்கு. பின்னேரம் இரண்டாவது. அது என்ன காலம் என்று யோகராஜா பஞ்சாங்கத்தைத் தொட்டான்; அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் தடியில் மோதி, வாசலை விட்டு, சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். சுங் வந்தது வேறு மாதிரி. தண்ணீரோடு சண்டை பிடிக்கவில்லை. தூக்குகிற இடத்தில் தூக்க விட்டான், விடுகிற இடத்தில் திரும்பினான். நான் கரையோடு ஓடினேன். "முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ" என்று பஸ்ஸில் கத்துகிற மாதிரியே கத்தினேனாம், யோகராஜா சொன்னான். கடைசிக்கு முன் வாசலில் தலைக்கவசம் தடியை உரசியது. ஐந்து வினாடி. அவ்வளவுதான்.

முடிவுப் பலகையில் பெயர் தேடினேன். கீழிருந்து தேடிப் பழகிவிட்டது, காணவில்லை. மேலே போகப் போகக் காணவில்லை. நடுவில் இருந்தது.

முப்பத்தொன்று.

ஜூன் 15, ஞாயிறு

அறுபத்தொரு பேரில் முப்பத்தோராவது. முன்னால் முப்பது பேர், பின்னால் முப்பது பேர். இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா?

காலையிலிருந்து வீட்டில் இதுதான் வழக்கு. சுகந்தினி பேப்பரில் கணக்குப் போட்டு, பாதி என்றால் முப்பதரை, முப்பத்தொன்று வெளியே என்றாள். புனிதம் வாயை மூடு என்று அவளைத் திட்டினாள். நான் பஸ்ஸை வைத்து யோசித்தேன். நடுச் சீற்றில் இருப்பவர் முன் கதவாலும் இறங்கலாம், பின் கதவாலும் இறங்கலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனால் சங்கத்துக்குப் பஸ் கணக்கு செல்லுமா?

ஜூன் 18, புதன்

போட்டி அறிக்கையைக் குழுத் தலைவர்தான் எழுத வேண்டுமாம். அதாவது நான்.

புனிதம்: "பின்னால முப்பது பேர் எண்டு எழுதுங்கோ. முன்னால ஆர் நிண்டவை எண்டு அவை கேக்கேல்லைத்தானே."

யோகராஜா போனில்: "அறுபத்திரண்டு பேர் எண்டு போடுங்கோ அண்ணை. ஆர் வந்து எண்ணப் போறான்?"

சுங்கைக் கேட்டேன். தலைவர் நீங்கள், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவன் சட்டியைத் தேய்த்தான். அவன் கையை நான் பார்த்தேன். இந்தக் கைக்காக ஒரு ஆளைக் கூட்டி எழுதினால் என்ன என்று தோன்றியது. தோன்றியதை எழுதி வைக்கிறேன்.

ஆனால் அவன் பின்னேரம் அந்த மண்தண்ணீரில் வந்த வரவுக்குப் பொய் தேவையில்லை. பொய்யை வைத்து அனுப்பினால் அது என் வரவாகிவிடும்.

நான் சொல்லச் சொல்லச் சுகந்தினி இங்கிலிஷில் எழுதினாள். முன்னால் முப்பது, பின்னால் முப்பது. முதல் ஓட்டத்தில் ஐம்பது வினாடித் தண்டம் கிடைத்தது தண்ணீர் ஏறிய பிறகு இறங்கியதால். அவனுக்குக் கிடைத்த நேரம் அதுவல்ல. அதைத் தன் சொந்த நம்பிக்கை காரணமாக மாற்றியவர் குழுத் தலைவர். ஓடக்காரரிடம் அவர் கேட்கவில்லை. அதையும் பிழையாகக் கணக்குப் பார்த்தார். ஒப்பம், க. சிவநேசன், குழுத் தலைவர்.

"அப்பா, உங்களைப் பாத்துச் சிரிப்பினம்" என்றாள் சுகந்தினி. சொல்லிவிட்டு ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதித் தந்தாள்.

ஜூலை 3, வியாழன்

எங்கள் அகதி மனு விஷயமாக வெளிநாட்டார் பொலிஸில் விசாரணை. அதிகாரி என் கோப்பைத் திறந்தார்; உள்ளே பத்திரிகைத் துண்டு. கொடியோடு நான். கீழே: "தாய்வான் குழுவின் தலைவர்." இவன் இலங்கையில்லை, அனுப்பு என்று எழுதப் போகிறார் என்று நினைத்தேன்.

"இது நீங்களா?"

ஓம் என்றேன். பொய் சொல்லி என்ன, மூக்கு அப்படியே இருக்கிறது.

"எத்தனையாம் இடம்?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பதில் இல்லை. சுங் ஓடத்தை ஒட்டுப்போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டான். விமானத்துக்கு விலை விசாரிக்கிறான். சாப்பிட வந்தால் காரம் போதாது என்று சொல்வதில்லை. அது நல்ல குறியில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

தைப்பேயிலிருந்து ஒரே ஒரு பந்தி. சங்கச் செயலாளர் எழுதியிருக்கிறார்: அறிக்கை கிடைத்தது, உறுப்பினர்கள் எல்லோரும் வாசித்தார்கள். இப்போது பேய்களின் மாதம் நடப்பதால் முக்கியமான காகிதம் எதிலும் ஒப்பமிடுவதில்லை. குழுத் தலைவருக்கு இது விளங்கும் என்று நம்புகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி இரண்டு கிழமை பொறுக்க வைத்திருக்கிறார்களாம்.

எனக்கு நன்றாக விளங்கியது. புனிதத்துக்கு அதைவிட நன்றாக. "எங்கட ஆக்கள்தான் அவை" என்றாள்.

செப்டெம்பர் 19, வெள்ளி

வந்துவிட்டது.

செயலாளர் பழைய கணக்கு வாத்தியாராம். அறுபத்தொன்றில் பாதி முப்பதரை. ஆற்றில் அரை ஆள் இறங்க முடியாது, ஆகவே முழுதாக்கினால் முப்பத்தொன்று. யே சுங்-மிங் முதல் பாதிக்குள் நிற்கிறார். அடுத்த வருட உலகப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. பள்ளிக்கூடம் இன்னொரு வருடம் லீவு தருகிறது. கடைசி வரி: திரு. சிவநேசன் பிரான்சிலும் தலைவராக வர விரும்பினால் சங்கத்துக்கு மகிழ்ச்சி. புறப்படும் நேரங்களை மட்டும் மாற்ற வேண்டாம்.

சுங் கடிதத்தை வாசித்துவிட்டுச் சட்டிகளுக்கு நடுவில் அப்படியே நின்றான். ஷெஃப் பூல்மன் என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். சரியான இடத்தில் சரியான வினைச்சொல்லோடு. முதல்முறை.

செப்டெம்பர் 20, சனி

என்னால் எல்லை தாண்ட முடியாது என்று பதில் எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். ஒரு நாட்டுக்குத் தலைவராக வரச் சொல்லி என்னை வேறு யார் கேட்கப் போகிறார்கள்.

1987 ஜனவரி 27, செவ்வாய்

ஆற்றங்கரை முழுக்க உறைபனி. சுங் நிற்கிறான். நானும் நிற்கிறேன், குடையில்லாமல்.

ஜூன் 13, சனி

அம்ஷ்டாட்டின் வான் வண்டியில் ஜெனீவாவரை போனேன். கூரையில் ஓடங்கள், உள்ளே சுங், புனிதம் கட்டிக் கொடுத்த இடியப்பப் பார்சல் ஏழு. எல்லைச் சாவடி தெரிகிற இடத்தில், இதற்கு மேல் முடியாது என்று நான் இறங்கிவிட்டேன். தைப்பேயிலிருந்து ஒரு உண்மையான தலைவர் அந்தப் பக்கம் வந்து காத்திருக்கிறாராம்.

சுங்கும் இறங்கினான்.

"நாளையண்டைக்குப் புறப்படுற நேரம் தருவினம்" என்றான். "போன் பண்ணிக் கேக்கட்டோ, நல்ல நேரமோ எண்டு?"

"கேக்காதை" என்றேன். "எந்த நேரம் எண்டாலும் இறங்கு."

அவன் ஏறிக்கொண்டான். கதவை அடைத்து, வானின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "றைற்" என்றேன். அம்ஷ்டாட்டுக்கு விளங்கவில்லை. ஆனாலும் எடுத்தார்.

சாவடியில் வான் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது. நான் ரயிலுக்கு நடந்தேன்.

ஜூன் 21, ஞாயிறு. லுசேர்ண்

மத்தியானச் சாப்பாட்டு நேரம், சமையலறையில் கால் வைக்க இடமில்லை. சுவர் போன் அடித்தது. ஷெஃப் எடுத்துக் கேட்டுவிட்டு "தாய்வான்!" என்று கூப்பிட்டார். பத்திரிகையில் படம் வந்த நாளிலிருந்து இங்கே எனக்கு அதுதான் பெயர். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

சுங். நாற்பத்தொன்பதாம் இடம். பின்னால் இருபத்தாறு பேர். இரண்டாம் ஓட்டத்தில் ஒரு தடியிலும் படவில்லையாம். உலகத்தின் மிகப் பெரிய ஆட்கள் நடுவில், ஒன்றிலும் படவில்லை. பின்னாலிருந்து யாரோ சீன மொழியில் சந்தோஷமாகச் சத்தம் போடுகிறார்கள். அதுதான் உண்மையான தலைவராம். அவரும் நீந்தத் தெரியாதவராம்.

பிறகு அவசரமாகச் சொன்னான், காசு முடியப் போகிறது என்று. சங்கம் அவனைப் பயிற்சியாளராக வைக்கப் போகிறது. வருகிற வசந்தத்தில் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு லுசேர்ணுக்கு வருகிறானாம், ஜூனில் பிறெம்கார்ட்டனில் இறங்க. தலைவர் வேண்டுமாம். லைன் அறுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புனிதத்திடம் சொன்னேன். நாற்பத்தொன்பது என்றதும் கண்ணைத் துடைத்தாள். மூன்று பேர் என்றதும் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"மூண்டு பேரும் உறைப்புத் தின்னுவினமோ?" என்று கேட்டாள்.

"வரட்டும், பழக்குவம்" என்றேன்.